ஷரிபுதீனின் புகைச்சாடி

கல்முனைக்குடியில் சவூதி ஷரிபுதீன் வீடு எங்கே என்று கேட்டால் வழி காட்டாத ஆள் இல்லை. அந்த மனிதரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றால் மட்டும் வழி காட்டினவர்களே தலையைச் சொறிவார்கள். ரியாத்தில் இருந்தார், இரண்டு வீடு கட்டினார், இரண்டு குமர்ப்பிள்ளைகளையும் கரைசேர்த்தார், இப்போது வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் இருக்கிறார். ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பிய நாள் முதல் அவர் ஒழுங்காகத் தூங்கியதில்லை என்பது யாருக்கும் தெரியாது. பெண்சாதி சல்மா உம்மாவுக்குக்கூட அதில் பாதிதான் தெரியும்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு பெண்ணின் பெயருக்கு எழுதப்படும். ஆகவே பெண்பிள்ளை பெற்ற வாப்பா ஒரு வீட்டைக் கட்டி முடித்தால் அடுத்த வேலை அதைவிட்டுக் கிளம்புவதுதான். ஷரிபுதீன் முதல் வீட்டை மூத்தவள் நஸ்லாவுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த வளவில் அரைகுறையாய் நின்ற இரண்டாவது வீட்டுக்குப் பெட்டி படுக்கையோடு போனார். அதற்குச் சீமெந்து பூசி முடிவதற்குள் இளையவள் அஸ்னாவுக்கும் மாப்பிள்ளை சரிவந்துவிட்டது. மூன்றாவது வீடு கட்ட நிலமும் இல்லை, முதுகில் பலமும் இல்லை. முன்னறையைப் புதுத் தம்பதிக்கு விட்டுக்கொடுத்து, குசினிக்குப் பக்கத்தில் அரிசி மூட்டையும் தேங்காயும் கிடந்த சின்ன அறைக்குள் தங்கள் கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஷரிபுதீன் நல்லா முன்னுக்கு வந்திட்டாரு என்று ஊர் பேசிக்கொண்டது. வீட்டுக்குள் என்னவோ அவர் பின்னுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்.

ரியாத்தில் அவர் ஒரு பெரிய வீட்டின் ட்றைவர். சம்பந்தி வீட்டாருக்குக் 'கம்பனியில் வேலை' என்று சொல்லப்பட்டிருந்தது. கலியாணப் பேச்சில் அந்த அளவுக்குச் சொல்வதை நன்மை தீமை எழுதுகிற எந்த மலக்கும் பாவமென்று எழுதியிருக்க மாட்டார். கேற்றுக்குப் பக்கத்தில் ஜன்னலில்லாத ஓர் அறை அவருக்குத் தந்திருந்தார்கள். ஏசியை நிறுத்தினால் உடம்பு வேகும், போட்டால் காற்று காய்ந்து மூக்கிலிருந்து இரத்தம் வரும். கடற்காற்றில் ஊறி வளர்ந்த மனிதருக்கு அந்த வறட்சி கடைசிவரை ஒத்துவரவேயில்லை. கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு மணிப்பெட்டி. அது அடித்தால் சாப்பாட்டில் இருந்தாலும் தூக்கத்தில் இருந்தாலும் 'ஹாளிர், மேடம்' என்று சொல்லிக்கொண்டு எழும்ப வேண்டும். ஹாளிர் என்றால் இதோ வந்துவிட்டேன், ஏவலுக்கு நிற்கிறேன் என்று பொருள். கார்த் திறப்புக் கொத்து தலையணைக்குக் கீழே, சப்பாத்து கட்டிலுக்குக் கீழே. கண் திறப்பதற்கு முன்பே கை ஒன்றையும் கால் மற்றதையும் தேடிப் பழகியிருந்தன.

அந்த வீட்டு மேடம், மெசின் மெசினாகத் தெரிவதை விரும்பாதவள். டீவி படச்சட்டம்போலச் சுவரில் தொங்கும். பாட்டுப் பெட்டி கருங்கல்போலத் தோட்டத்தில் கிடக்கும். காற்றுக்கு ஈரம் ஊட்டுகிற ஹியூமிடிஃபயரைக்கூட அவள் பூச்சாடி வடிவத்தில்தான் வாங்கி அறைக்கொன்றாக வைத்திருந்தாள். வெள்ளைப் பீங்கான் நிறம், ஒடுங்கிய கழுத்து, மரத்தில் ஒரு பாதம், அடியில் மங்கலாய் ஒரு விளக்கு. வாயிலிருந்து வெண்ணிறத்தில் ஆவி மெல்ல எழும்பிக்கொண்டிருக்கும். பார்க்கிறவர்கள் மெசின் என்று சத்தியம் பண்ணினாலும் நம்ப மாட்டார்கள். ட்றைவரும் அப்படித்தான், வெள்ளைச் சேட்டும் கறுப்புக் காற்சட்டையுமாகக் காருக்குப் பொருத்தமாக நிற்க வேண்டும்.

அதில் ஒரு சாடியின் மரப்பாதம் வெடித்தது. வெடித்த சாமானை அந்த வீட்டில் வைப்பதில்லை. குப்பைக்குப் போகவிருந்ததை ஷரிபுதீன் கேட்டு வாங்கி, பாதத்துக்குப் பசை போட்டுத் தன் கட்டில் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். முதலில் குழாய்த் தண்ணீர் ஊற்றினார். மறுநாள் காலையில் தலையணை, தாடி எல்லாம் மாவு தூவினதுபோல வெள்ளைத் தூள். தண்ணீர் பறந்துவிடுகிறது, அதிலிருக்கிற உப்பு மிஞ்சி வந்து படிகிறது என்று புரிந்துகொண்டு, பிறகு போத்தல் தண்ணீருக்கு மாறினார். மூக்கில் இரத்தம் நின்றது. ஆனால் அவரைக் கட்டிப்போட்டது ஈரக்காற்றல்ல, சத்தம். உள்ளே சின்ன விசிறி ஒன்று மெதுவாக இரையும். இடைக்கிடை தண்ணீர் களக்கென்று இறங்கும், பக்கத்தில் படுத்திருக்கும் ஆள் எச்சில் விழுங்குவதுபோல. அத்தனை வருடம் தனியே படுத்துக் கிடந்த மனிதர், அந்தச் சத்தம் கேட்டால்தான் தூங்குவார் என்று ஆகிவிட்டது.

ஒரேயடியாக ஊருக்கு வந்தபோது துணிகளுக்கு நடுவில் பொத்திப் பொத்தி அதையும் கொண்டுவந்தார். சல்மா உம்மா பெட்டியைத் திறந்தாள், பார்த்தாள், பார்த்த மாத்திரத்தில் ஹோலிலிருந்த ஷோகேஸுக்குள் நடுத்தட்டில் வைத்துக் கண்ணாடியைச் சாத்தினாள். அவர் ஒருதரம் தண்ணீர் ஊற்றி, போட்டுக் காட்டியபோது வாயிலிருந்து புகைபோல வந்ததால், அன்றிலிருந்து வீட்டில் அதற்குப் பெயர் புகைச்சாடி.

"படுக்கிற இடத்துல வெச்சாத்தான் நல்லம்" என்று ஷரிபுதீன் மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"உங்களுக்கென்ன விசரா? இது பாவிக்கிற சாமானா, அழகுச் சாமான். இந்த ஊர்ல காத்தப் பிழிஞ்சா தண்ணி வடியும். இதுக்குள்ள இன்னும் ஈரத்த விடப்போறீங்களா?"

அவள் சொன்னதில் பிழையில்லை. உப்புப் போத்தலைக் கவிழ்த்தால் உப்பு விழாத ஊர் இது. மாரியில் சப்பாத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கும், கடலைப் பார்த்த சுவரில் பெயின்ற் கொப்பளிக்கும். ஈரத்துக்கல்ல, சத்தத்துக்கு என்று சொல்ல அவருக்கு வாய்வரை வந்தது. சொன்னால் சிரிப்பாள். சிரிக்காவிட்டால் அழுவாள். இரண்டையும் தாங்கும் சக்தி அவருக்கு அன்று இல்லை, பிறகும் வரவில்லை. இரவெல்லாம் புரண்டுவிட்டு, பகலில் வாசல் கதிரையில் கண் எரிய உட்கார்ந்திருப்பார். கதிரையில் ஷரிபுதீனும் ஷோகேஸில் சாடியும் ஏறக்குறைய ஒரே தொழிலைத்தான் பார்த்தார்கள். வருகிறவர்கள் பார்ப்பார்கள், சவூதியிலிருந்து வந்ததா என்று கேட்பார்கள், தேத்தண்ணீர் குடிப்பார்கள், போவார்கள்.

அஸ்னாவின் கலியாணத்துக்கு அறை சோடித்தபோது சாடி ஷோகேஸை விட்டு வெளியே வந்தது. புது அலுமாரியும் முகம் பார்க்கும் கண்ணாடி மேசையும் நல்ல கறுப்பு நிறம், அந்தக் கறுப்பில் வெள்ளைச் சாடி எடுத்துக் காட்டும் என்று சல்மா உம்மா முடிவு பண்ணினாள். மாப்பிள்ளை நிப்றாஸ் நிந்தவூர்ப் பையன். இரண்டு வருடம் கட்டாரில் ஒரு கடையில் நின்றுவிட்டு வந்து, இப்போது கல்முனை பஸாரில் போன் கடையில் வேலை செய்கிறான். அமைதியான பிள்ளை. அவனுடைய உம்மா நபீஸா அப்படியல்ல. கணவன் மௌத்தான பிறகு வயலைத் தானே நின்று செய்வித்தவள், வரம்பில் நின்று கூப்பிட்டால் அடுத்த வயற்கண்டத்தில் வேலை செய்கிறவனும் நிமிர்வான். மக்காவுக்குப் போய் உம்றா முடித்து வந்த சூட்டோடு அறை பார்க்க வந்தவள், புகைவிடும் சாடியைக் கண்டு வாயைப் பிளந்தாள். கையோடு கொண்டுவந்த ஸம்ஸம் புனிதத் தண்ணீர்க் கேனை மருமகளிடம் கொடுத்தாள்.

"இதுக்குள்ளயும் ரெண்டு சொட்டு விடுங்க மகள். அறை முழுக்க பரக்கத் நிரம்பட்டும்."

மாமியை எப்படியாவது திருப்திப்படுத்த வேண்டும் என்று துடிக்கிற புதுப்பெண்ணுக்கு இரண்டு சொட்டு எம்மாத்திரம்? அஸ்னா சாடி நிறைய ஊற்றினாள். தினமும் ஊற்றி, இரவு முழுக்கப் போட்டுவிட்டாள். கேன் முடிந்துவிடுமோ என்று தான் குடிப்பதைக்கூட நிறுத்திக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் கறுப்பு அலுமாரி வெளிற ஆரம்பித்தது. காலையில் துடைத்தால் மறுநாள் காலையில் திரும்பவும் வெள்ளை. கட்டில் விரிப்பில், கண்ணாடியில், நிப்றாஸின் முடியில். மாவு மில்லிலயா வேலை என்று கடைப் பொடியன்கள் அவனைப் பகிடி பண்ணினார்கள். அவன் சிரித்துவிட்டு விட்டுவிட்டான். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் உம்மாவைப் பார்க்க நிந்தவூருக்குப் போனவனின் தாடியை நபீஸா தன் கையால் தட்டிப் பார்த்தாள். தட்டிய கையை முகர்ந்தாள். அவ்வளவுதான், அக்கரைப்பற்றிலிருந்து வந்த பஸ்ஸை மறித்து, மகனையும் ஏற்றிக்கொண்டு கல்முனைக்குடியில் வந்து இறங்கினாள்.

ஸலாம் சொன்னாள், செருப்பைக் கழற்றினாள், நேரே முன்னறைக்குப் போய்க் கறுப்பு மேசையில் விரலை இழுத்தாள். விரல் போன வழி கறுப்பாகத் தெரிந்தது.

"இதென்ன?"

"தூசி மாமி" என்றாள் அஸ்னா.

"தூசி மண் நிறத்துல இரிக்கும். இது ஆரோ ஓதிப் போட்ட தூள். புள்ளைகள் சந்தோசமா இரிக்கிறது ஆருக்கோ பொறுக்கல்ல." திரும்பி மகனைப் பார்த்தாள். "உடுப்ப எடுங்க மகன். ஒரு ஆளக் கூட்டிவந்து இந்த அறைய ஓதிப் பாக்கும்வரைக்கும் நீங்க நிந்தவூர்ல இரிங்க. ரெண்டு நாளைக்குத்தான்."

புதுமாப்பிள்ளை உடுப்புப் பையோடு பெண்வீட்டுப் படியிறங்குவது என்ன என்று இந்தக் கரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பை பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் கதை நிந்தவூரைச் சேர்ந்துவிடும். திரும்பி வராமலே போன மாப்பிள்ளைமார் எல்லோரும் இரண்டு நாளைக்கென்றுதான் கிளம்பிப் போனவர்கள். நிப்றாஸ் உம்மாவையும் பார்த்தான், பெண்சாதியையும் பார்த்தான். பிறகு உம்மாவின் சொல்லை மீறத் தெரியாத பிள்ளையாய்ப் பையை எடுத்துச் சேட்டுகளை மடிக்கத் தொடங்கினான்.

வாசல் கதிரையிலிருந்து ஷரிபுதீன் எழும்பி வந்தார். மேசையைத் தொட்டார், விரலைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. மகளைக் குசினிப் பக்கம் கூப்பிட்டார்.

"சாடிக்குள்ள என்ன தண்ணி மகள் ஊத்துற?"

"ஸம்ஸம் வாப்பா. மாமி தந்தது."

"எவ்வளவு?"

"நிறைய" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

ஷரிபுதீனுக்குச் சலித்துப் போயிற்று. காரணம் கையில் இருக்கிறது, ஆனால் அதை எப்படிச் சொல்வது? உங்கள் ஸம்ஸம் தண்ணீரிலிருக்கிற உப்புத்தான் அறையை ஊத்தையாக்கியது என்று உம்றா செய்து வந்த சம்பந்தியின் முகத்துக்கு நேரே சொன்னால், செய்வினைக் கதை போய் ஈமான் இல்லாத குடும்பம் என்ற கதை வரும். இந்த வயதில் ஓர் உண்மையைச் சொல்வதற்கும் இத்தனை வளைவு நெளிவு வேண்டியிருக்கிறதே என்று அவருக்குள் எரிச்சல் முட்டியது. பிறகு ஹோலுக்கு வந்தார்.

"ராத்தா, நான் ஒண்டு சொல்றன், கோவிக்காம கேளுங்க. சூனியம் வெச்சவன் மாப்பிள்ளட அறைக்குத்தான் வெச்சிரிப்பான். தேங்காய் கிடக்கிற என்ட அறைக்கு வெக்க அவனுக்கென்ன தலைவிதி? இந்தச் சாடிய உள்ள கிடக்கிற தண்ணியோடயே என்ட அறைக்குக் கொண்டுபோறன். ஜும்ஆத் தொழுது முடிஞ்சி வந்து, கதவச் சாத்திட்டுப் பக்கத்துல படுக்கிறன். பின்னேரம் அசறுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் வந்து பாருங்க. எனக்கு மேல தூள் இல்லாட்டி மகனக் கூட்டிட்டுப் போங்க, நான் ஒண்டும் கதைக்க மாட்டன். தூள் இரிந்தா அது சாடிட வேல. மனிசர்ட வேல இல்ல."

நபீஸா யோசித்தாள். நியாயம் மாதிரித்தான் பட்டது. "உங்களுக்கு ஒண்டு கிடக்க ஒண்டு ஆனா தம்பி?"

"ஆகட்டும் ராத்தா. எனக்குக் கொஞ்சம் படுத்தாப் போதும்."

"சரி, அசறு வரைக்கும்" என்றாள் நபீஸா. நிப்றாஸின் பை ஹோலில் அவள் காலடியில் இருந்தது.

ஜும்ஆவும் முடிந்தது, பகல் சாப்பாடும் முடிந்தது. ஷரிபுதீன் சாடியைத் தலைமாட்டில் ஒரு ஸ்டூலில் வைத்து பிளக்கைச் செருகினார். ஜன்னலைச் சாத்தினார். நீலச் சாரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு மல்லாந்து படுத்தார். விசிறி மெதுவாக இரைந்தது. மகளுக்காகத்தான் படுக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதில் பாதி உண்மை. களக்கென்று தண்ணீர் இறங்கியது. இரண்டாம் தடவை அது இறங்கியபோது கேட்பதற்கு அவர் விழித்திருக்கவில்லை.

ஹோலில் அஸ்னா முன்னறைக் கதவோடு ஒட்டி நின்றாள். சல்மா உம்மாவின் தஸ்பீஹ் மணி உருண்டுகொண்டே இருந்தது. என்ன ஓதினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரிந்திருக்காது. பள்ளிவாசலில் அசறு பாங்கு சொன்னதும் அவள்தான் முதலில் எழும்பிப் போய்க் கதவைத் திறந்தாள்.

ஷரிபுதீனின் புருவம் வெள்ளை, இமை வெள்ளை, தாடியில் மிஞ்சியிருந்த கறுப்பும் வெள்ளை. நீலச் சாரனுக்கு மேலே மெல்லிய மாவு படிந்திருந்தது. சல்மா உம்மா தூளைப் பார்க்கவில்லை, அவர் தூங்குகிற விதத்தைப் பார்த்தாள். வாய் திறந்து, கை ஒருபக்கம் விழுந்து, குழந்தைப் பிள்ளைபோலத் தூங்கினார். கலியாணம் முடித்து இத்தனை காலத்தில் இந்த மனிதர் இப்படித் தூங்கி அவள் பார்த்ததேயில்லை. "இஞ்சேருங்க" என்றாள் மெதுவாக. அசைவில்லை. "இஞ்சேருங்க, அசறாப் போச்சு." அசைவில்லை. மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள்.

பின்னால் வந்த நபீஸா அவளை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். பயந்தால் அவளுக்குக் குரல் இன்னும் உரத்துவிடும்.

"எழும்புங்க! என்ன படுக்க இது? எழும்புங்க!"

ஷரிபுதீன் எழும்பினார். எழும்பினார் என்றால், கண் திறக்கவில்லை, உடம்பு மட்டும் எழும்பியது. வலது கை தலையணைக்குக் கீழே எதையோ துழாவியது. கால்கள் கட்டிலுக்குக் கீழே சப்பாத்தைத் தேடின. இரண்டும் கிடைக்காமல், சுவரோரமாக நிமிர்ந்து நின்று, கைகளை முன்னால் கட்டி, தலையைக் குனிந்துகொண்டார்.

"ஹாளிர், மேடம்" என்றார். "மஅலேஷ், மேடம். ஸய்யாறா ஜாஹிஸ்."

அந்தக் குரலை அந்த வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. சின்னக் குரல். அறுபதை நெருங்கும் ஒரு மனிதரிடமிருந்து வரக்கூடாத குரல்.

நபீஸா ஓரடி பின்வாங்கினாள். "யா அல்லாஹ், என்ன சொல்றாரு இவரு? ஆருட பாஷ இது?"

நிப்றாஸ் கதவடியில் நின்றான். கட்டாரில் இரண்டு வருடம் இருந்தவனுக்கு அதை விளங்கிக்கொள்ள ஓதுகிற ஆள் தேவைப்படவில்லை.

"கார் ரெடியாம் உம்மா" என்றான். "மன்னிக்கட்டாம்."

சாடி களக்கென்றது. நிப்றாஸ் உள்ளே வந்து மாமனாரின் முழங்கையைப் பிடித்தான். "மாமா, இது வீடு. கல்முன. இரிங்க" என்று சொல்லி, பிடித்தபடியே கட்டிலில் இருத்தினான். பிறகு உம்மாவிடம் திரும்பினான். அவன் குரல் உயரவில்லை. "உம்மா, நான் எங்கயும் வரல்ல. பஸ்ஸுக்கு நான் கொண்டு வந்து ஏத்தி விடுறன்."

நபீஸா ஷரிபுதீனின் தோளில் படிந்திருந்த தூளை விரலால் தொட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நான் ரெண்டு சொட்டுத்தானே விடச் சொன்ன" என்று யாருக்கென்றில்லாமல் சொல்லிவிட்டு வெளியே போனாள். போகிற வழியில் ஹோலில் கிடந்த பையைத் தானே தூக்கி, முன்னறைக் கட்டிலில் வைத்தாள்.

அப்போதுதான் ஷரிபுதீனுக்குக் கண் முழுசாய்த் திறந்தது. முன்னால் சல்மா உம்மா மட்டும் நின்றாள். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. தாடியைத் தடவி, கையைப் பார்த்தார்.

"தூள் விழுந்திச்சா?"

"விழுந்திச்சு."

"மாப்பிள?"

"இரிக்காரு. போகல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று பெருமூச்சு விட்டார். "ஏன் நீங்க அழுறீங்க?"

சல்மா உம்மா முக்காட்டு நுனியால் அவருடைய புருவத்தைத் துடைத்தாள், பிறகு இமையை, பிறகு தாடியை. அவர் அனுப்பிய சாமான்கள் ஒவ்வொன்றையும் எந்த வருடத்தில் வந்தது என்று அவளுக்குச் சொல்லத் தெரியும். அவர் அங்கே எப்படிப் படுத்தார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"அங்க உங்கள ஆர் எழுப்புற?" என்றாள்.

"ஆரும் எழுப்பல்ல. மணி அடிக்கும்."

தொழ வேண்டும் என்று எழும்பினார். கை கால் கழுவி உளூச் செய்து, அந்த அறைக்குள்ளேயே அசறு தொழுது முடித்தார். அதற்குள் சல்மா உம்மா சாடியைக் கழுவி, கடையில் வாங்கின போத்தல் தண்ணீரை அதில் ஊற்றி, திரும்பவும் தலைமாட்டு ஸ்டூலில் வைத்திருந்தாள். தலையணையைத் தட்டிப் போட்டாள்.

"பொழுதுபட மஃரிபுத் தொழுகைக்கு இன்னும் நேரம் கிடக்கு. படுங்க. நான் வந்து எழுப்புறன்."

"சத்தம் போடப்படா" என்றார் அவர்.

"போட மாட்டன்."

படுத்தார். அவள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய், கதவுக்கு முன்னால் ஒரு பாயைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஷரிபுதீன் கண்ணை மூடப்போனவர், ஒருதரம் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தார். மணிப்பெட்டி இல்லை. ஒரு பல்லி மட்டும் இருந்தது, அது அவரை எதற்கும் கூப்பிடவில்லை.